கையுறை பரிசுப் பொருள் அல்ல

சென்ற ஆண்டு டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மும்பையில் எங்கள் பகுதித் தோழர்கள் ஒரு சிறு நிகழ்ச்சி நடத்தினர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் சக்கர நாற்காலியில் நடமாடும் இருபது பேருக்கு ஆளுக்கொரு இணை கையுறை வழங்குவது என்று கிளையில் முடிவாயிற்று. நிதி திரட்டும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றனர். பொருளைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆண்டு முழுதும் தீர்மானங்களை மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு கையுறை வாங்கத் தெரியாதா என்று தோழர்கள் எண்ணியிருக்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். வெள்ளை வெளேரென்று பருத்தி நூலில் பின்னிய கையுறைகளை மொத்த விலைக்கு வாங்கி வந்தேன். செங்கொடியின் கீழ் புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்துத் தாராவித் தோழர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கட்டுமானத் தொழிலாளியாக இருந்தவர். சாரம் சரிந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்ததால் பதினோரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். தொண்ணூறடிச் சாலையோரம் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். பையிலிருந்து அந்தக் கையுறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கைப் பகுதி முழுதும் கிழிந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தது.

“தோழர், நீங்க குடுத்தது கையுறை இல்ல. கைக்குட்டை” என்றார். பிறகு, “இதப் போட்டுக்கிட்டா வளையம் வழுக்குது. கழட்டிட்டா கை எரியுது. எது தேவலன்னு நீங்களே சொல்லுங்க” என்று சிரித்தார்.

அவர் சிரித்தது எனக்கு உறைத்தது. உழைப்பாளியின் கருவியைப் பற்றி உழைப்பாளியிடமே கேட்க வேண்டும் என்ற அரிச்சுவடிப் பாடத்தைக் கட்சி வகுப்புகளில் பலமுறை எடுத்திருக்கிறேன். ஆனால், அந்த இருபது பேரில் ஒருவரிடம்கூட நாங்கள் கேட்கவில்லை.

தமிழில் ‘கையுறை’ என்ற சொல்லுக்கு ஒரு பழைய பொருள் உண்டு. சங்க இலக்கியத்தில் தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவும்தான் கையுறை. அதாவது காணிக்கை, பரிசு. குறுந்தொகையின் முதற்பாட்டே தோழி அந்தக் கையுறையை மறுக்கும் துறையில் அமைந்தது. கையை மூடும் உறை என்ற பொருள் பிற்காலத்தது. நாங்கள் டிசம்பர் 3 அன்று வழங்கியது பழைய பொருளிலான கையுறை. தாராவித் தோழர் செய்தது கையுறை மறுத்தல். இலக்கண மரபுப்படி அவர் செய்ததில் பிழை ஏதுமில்லை.

அதன்பின் அவரிடமும் வேறு சிலரிடமும் கேட்டும், படித்தும், பட்டறைகளில் ஏறி இறங்கியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நாட்டில் பல கிளைகள் இதே நாளில் இதே தவறைச் செய்கின்றன.

சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் டயரைப் பிடித்துத் தள்ளுவதில்லை; தள்ளக்கூடாது. டயருக்கு வெளிப்புறம் பொருத்தப்பட்ட கைவளையத்தைப் பற்றி முன்னோக்கி உந்துகிறார். ஓர் உந்துதலுக்கு ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை வண்டி நகர்வதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 670 முதல் 1000 முறை உள்ளங்கை அந்த வளையத்தில் மோதுகிறது. சரிவில் இறங்கும்போது நிலைமை தலைகீழ்: சுழலும் வளையத்தைக் கையால் அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவருக்கு வேறு பிரேக் கிடையாது. வண்டியில் உள்ள பூட்டு, நின்றபின் போடுவதற்குரியது. ஆகவே கையே இயந்திரம், கையே பிரேக். மேம்பாலச் சரிவில் ஒருமுறை இறங்கினால் உள்ளங்கை கொதிக்கும் என்று அவர் சொன்னதை நான் முதலில் மிகையாக எண்ணினேன். அவருடைய உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது.

சேதம் தோலோடு நிற்பதுமில்லை. மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டின் கீழே விரல்களுக்குச் செல்லும் நரம்பு ஓடுகிறது. அந்த இடத்தில் நாள்தோறும் விழும் இடியால் நரம்பு நெரிந்து, விரல் மரத்து, பிடி தளர்ந்துபோவது நெடுநாள் சக்கர நாற்காலியில் இருப்போரிடம் பரவலாகக் காணப்படுவது. கால்கள் இயங்காதவருக்குக் கைதான் கால். அதுவும் போனால் படுக்கைதான். முதுகுத்தண்டு காயமடைந்தோரின் தோளையும் கையையும் காப்பது பற்றி 2005இல் அமெரிக்காவில் வெளியான மருத்துவ வழிகாட்டி, குறைவான எண்ணிக்கையில், நீண்ட, சீரான உந்துதல்களாகத் தள்ளுமாறு அறிவுறுத்துகிறது. குழியும் கல்லும் நிறைந்த சாலையில் அப்படித் தள்ள யாரால் முடியும்?

ஆகவே கையுறை வாங்கும் முன் அவரது வண்டியைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் கிடைக்கும் நாற்காலிகளில் கைவளையம் பெரும்பாலும் பளபளக்கும் குரோம் பூசிய எஃகு. அதன்மேல் பருத்தித் துணி வழுக்கும்; மழை நாளில் வெறுங்கையும் வழுக்கும். அதற்கு உள்ளங்கையில் பற்றும் தன்மை வேண்டும்: மென்மையான தோல், அல்லது ரப்பர், அல்லது நைட்ரைல் பூச்சு. அதற்காகக் கனத்த பஞ்சு மெத்தை வைத்துத் தைத்த கையுறையை வாங்குவதும் தவறு. மெத்தை தடித்தால் வளையத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கை விரைவில் களைக்கும். மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் மட்டும் மெல்லிய மெத்தை போதும்.

முதலில் தேய்வது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டை. கடையில் கையுறையைத் திருப்பி அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இரண்டாம் அடுக்குத் தோல் இல்லையெனில் அது நெடுநாள் தாங்காது. தையல் உள்ளங்கையில் ஓடக்கூடாது. தையல் மேடு பட்ட இடமெல்லாம் கொப்புளம் வரும்.

அளவு எடுப்பதும் எளிது. கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் முட்டி வழியாக உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்தால் போதும். இரண்டு கைகளையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. தளர்ந்த கையுறை சுருங்கி மடிந்து, அந்த மடிப்பே புண்ணாக்கும். நாங்கள் இருபது பேருக்கும் ஒரே அளவில் வாங்கியிருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விரல் நுனி திறந்திருக்கலாமா என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. கைபேசி பழுது பார்ப்பவருக்கும் சில்லறை எண்ணுபவருக்கும் பாதி விரல் கையுறையே உதவும். ஆனால் வளையத்தை விட்டு விரல் நழுவி சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கும் பழக்கமுடையவருக்கு முழு விரல் மூடியது பாதுகாப்பு. புறங்கையில் காற்றோட்டமான வலைத்துணி இருக்க வேண்டும். மே மாத மும்பையில் முழுத் தோல் கையுறை அணிவது அடுப்பில் கைவைப்பது போன்றது. தோல் நனைந்து காய்ந்தால் விறைத்துப் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் நகரத்தில் ஓர் இணை போதாது. ஒன்று காயும்போது அணிய மற்றொன்று வேண்டும். மழைக்கு மட்டும் கட்டுமானத் தொழிலாளிகள் அணியும் பூச்சுக் கையுறைகளைப் பலர் பயன்படுத்துகின்றனர். விலை குறைவு, பிடிப்பு நன்று, வியர்வை அதிகம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூச்சு லேடெக்ஸா, நைட்ரைலா என்று கேட்டு வாங்க வேண்டும். பிறவியிலேயே முதுகெலும்பு மூடாதோருக்கும், நாள்தோறும் சிறுநீர்க்குழாய் செலுத்திக்கொள்வோருக்கும் லேடெக்ஸ் ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம்.

இந்தச் சிறுநீர்க்குழாய் விஷயம் கூட்டங்களில் யாரும் பேசாதது. நம் தெருக்களில் உருளும் சக்கரம் எச்சிலையும் சாக்கடையையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அதைத் தொட்ட கையாலேயே, பொதுக் கழிப்பறையில் தண்ணீர் வராத நிலையில், குழாயைச் செலுத்த வேண்டும். தொற்று சிறுநீரகத்தைத் தாக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் காயம்பட்ட தோலோடு வெள்ளநீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் என்று மாநகராட்சி எச்சரிக்கிறது. நாற்காலியில் இருப்பவரின் காயம்பட்ட தோல் அவரது உள்ளங்கை. எளிதில் கழற்றவும் சோப்பில் துவைக்கவும் கூடிய கையுறை அவருக்கு அழகுப் பொருளன்று.

கழுத்துத் தண்டில் அடிபட்டு விரல்கள் மடங்காதோருக்கு இவை எதுவும் பொருந்தா. அவர்கள் வளையத்தைப் பிடிப்பதில்லை. உள்ளங்கையை இருபுறமும் அழுத்தித் தள்ளுகின்றனர். அவர்களுக்கு உள்ளங்கை முழுதும் ரப்பர் பதித்த, மணிக்கட்டில் அகலமான வெல்க்ரோ பட்டை உடைய உறை தேவை. பட்டையின் முனையில் ஒரு வளையமும் வேண்டும். கட்டைவிரலை நுழைத்தோ பல்லால் கடித்தோ இழுத்து அவரே கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் வெளியே புறப்படும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வந்து கட்டிவிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவர்களில் சிலருக்குக் கையில் உணர்ச்சியும் குறைவு. அங்கே கையுறை காப்பதற்குப் பதில் காயத்தை மறைத்துவிடும். இதில் தமிழகத்துக்கு ஒரு மூத்த அனுபவம் இருக்கிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அன்றாடக் காயங்களாலேயே சிதைகின்றன என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கண்டு காட்டியவர் பால் பிராண்ட். அவரிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானவரும் அவரே. அந்த மரபு கற்றுத் தந்த பழக்கம் ஒன்றுதான்: மாலையில் கையுறையைக் கழற்றியதும் உள்ளங்கையை வெளிச்சத்தில் கண்ணால் பார். வலியில்லை என்பதால் புண்ணில்லை என்று ஆகாது.

முகாம்களில் வழங்கப்படும் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டிக்கோ மீண்டும் வேறு கணக்கு. அங்கே விரல்கள் கைப்பிடியை மூடிச் சுழற்றுகின்றன. தேய்வது விரல்களின் உட்புறம். பாதி விரல் கையுறை அதற்கு உதவாது.

நாற்காலியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பலகைக்கு அடியில் பேரிங் சக்கரம் கோத்து, தரையைக் கையால் உந்திச் செல்பவர்களை மும்பையின் ரயில் நிலைய வாசல்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் கையில் ரப்பர் செருப்பை மாட்டியிருப்பார்கள். நடக்க இயலாதவர் செருப்பைக் கையில் அணிவதைக் கண்டும் நாம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் செருப்பு பிடிப்புடையது, துவைக்கக் கூடியது, சூட்டைத் தாங்குவது, தேய்ந்தால் எங்கும் கிடைப்பது. தன் தேவைக்கு ஏற்ற பொருளை ஏழை தானே தேர்ந்திருக்கிறார், அதுவும் நான் தேர்ந்ததைவிடச் சரியாக.

இனி அரசைப் பற்றி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, வருமான வரம்புக்குட்பட்டோருக்கு உதவி உபகரணங்களை இலவசமாக வழங்குவதைச் சமூகப் பாதுகாப்பின் பகுதியாக்கியுள்ளது. அதற்கான ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981இலிருந்து நடப்பது. அதன்படி வயது வந்தவர் ஒருமுறை உதவி பெற்றால் மீண்டும் பெற மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும். நாற்காலி மூன்றாண்டு உழைக்கலாம். கையுறை மூன்று மாதம் உழைத்தால் அதிகம். முகாமில் நாற்காலியைக் கொடுத்து, மாலை போட்டு, படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதைத் தள்ளும் கையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 80 சதவீத ஊனமுடைய வறியவருக்கு ஒன்றிய அரசு தன் பங்காகத் தரும் மாத ஓய்வூதியம் 300 ரூபாய். இணைய அங்காடிகளில் வெளிநாட்டுப் பெயரோடு வரும் தரமான கையுறை ஓர் இணை அதைப்போலப் பல மடங்கு. சக்கர நாற்காலிக்கே 2017 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி விதித்தவர்கள் இவர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான தேசிய மேடை அன்றே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. ‘திவ்யாங்’, அதாவது தெய்விக உறுப்புடையோர் என்று பெயர் சூட்டுவது எளிது. அந்தத் தெய்விக உறுப்பில் கொப்புளம் வந்தால் களிம்பும் சொந்தச் செலவுதான்.

இதைப் பகுதிக்குழுவில் பேசியபோது ஒரு தோழர் எழுப்பிய மறுப்பையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். சாலையைச் சீர்செய்யப் போராடுவதை விட்டுக் கையுறை தேடுவது சில்லறைச் சீர்திருத்தம் என்றார் அவர். அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. தாராவியின் பல சந்துகளில் நாற்காலி நுழையவே நுழையாது. நுழையும் இடத்தில் சாக்கடை மூடிகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. சயான் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் புதுப்பிக்க மூடப்பட்டபின், ரயில் பாதைக்கு அப்பால் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல மீதமிருந்த வழிகளில் நெரிசல் இரட்டித்தது. நாற்காலி லாரிகளுக்கு நடுவே போயிற்று. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு நம் கைகளில் ஓர் ஆயுதம். தாராவியை அதானி குழுமத்திடம் ஒப்படைத்து அடுக்குமாடிகளை வரைந்துகொண்டிருப்பவர்களிடம் சாய்தளம் எங்கே, மின்தூக்கி நின்றுபோனால் பத்தாம் மாடியில் இருப்பவர் என்ன செய்வார், தகுதியற்றோர் என ஒதுக்கப்படும் குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளை எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்க வேண்டும், கேட்டும் வருகிறோம்.

ஆனால் சாலை சீராகும் வரை அந்தக் கை என்ன செய்யும்? தொழிற்சாலையில் இயந்திரத்துக்குக் காப்புக் கவசம் கேட்டுப் போராடும் சங்கம், அது கிடைக்கும் வரை தொழிலாளியை வெறுங்கையோடு நிற்கச் சொல்வதில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த ஸ்டான் சுவாமி, நடுங்கும் கையால் குவளையைப் பிடிக்க இயலாமல் தலோஜா சிறையில் ஓர் உறிஞ்சு குழலுக்கு மனுப் போட்டார். பதில் சொல்லவே தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. அந்தக் குழல் சின்னப் பொருள் என்று நம்மில் யாரும் அன்று சொல்லவில்லை.

எனக்கு உறுத்தும் முரண் வேறொன்று. தாராவியை உருவாக்கியவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட தமிழ் உழைப்பாளிகள் முக்கியமானவர்கள். பதனிடும் தொழில் அங்கிருந்து பெரிதும் போய்விட்டது. 2015இல் மகாராஷ்டிர அரசு காளை, எருதுகளையும் வெட்டத் தடை விதித்தபின் தோல் வரத்து குன்றிப் பட்டறைகள் நொடித்தன. ஆயினும் பைகளும் பணப்பைகளும் இடைவார்களும் இன்றும் அங்கே தைக்கப்படுகின்றன. தைப்போரில் பலர் பீகாரிலிருந்து வந்த இளைஞர்கள். வெட்டி எறியும் துண்டுத்தோல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கொல்கத்தாவில் தைக்கும் தோல் கையுறை கடல் கடந்து ஐரோப்பியத் தொழிலாளியின் கையைக் காக்கிறது. தோல் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருக்கும் மனிதருக்கோ நான் பருத்திக் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே அவரையே அழைத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனோம். வாசலில் இரண்டு படி இருந்ததால் தையல்காரத் தம்பி நாடாவோடு தெருவுக்கு வந்து அளவெடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தோழருக்கு இந்தி நன்றாக வரும். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை. முதல் மாதிரியில் தையல் உள்ளங்கையில் வந்துவிட்டது. இரண்டாவதில் கவட்டைக்கு இரட்டைத் தோல் வைத்தார், ஆனால் ஆட்டுத்தோலின் வழுவழுப்பான பக்கம் வெளியே இருந்தது; வளையம் வழுக்கிற்று. மூன்றாவதில் தோலைத் திருப்பி, சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்து, புறங்கைக்குப் பழைய விளையாட்டுச் சட்டையின் வலைத்துணியைத் தைத்தார். கூலியும் பொருளும் சேர்த்து 180 ரூபாய் கேட்டார். தோழர் பேரம் பேசவில்லை; “அவரும் உழைப்பாளிதானே” என்றார்.

கிளையில் இப்போது இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறோம். இருபது பேரையும் நேரில் கண்டு, அவரவர் வண்டியையும் கையையும் பார்த்து அளவெடுப்பது முதலாவது. நாற்காலி வழங்கும்போதே ஆண்டுக்கு நான்கு இணை கையுறையையும் டயர், பேரிங் போன்ற தேய்பொருள்களையும் அதன் பகுதியாகச் சேர்த்துத் தர வேண்டும், அவற்றுக்கு மூன்றாண்டு விதி பொருந்தக்கூடாது என்ற கோரிக்கையை மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் வழியாக அரசிடம் வைப்பது மற்றொன்று. மனுவை மராத்தியிலும் தமிழிலும் எழுதும் வேலை என்னுடையது. வரைவை முதலில் தாராவித் தோழரிடம்தான் காட்டினேன். ‘வழங்கி உதவுமாறு’ என்று நான் எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் அடித்து ‘வழங்க வேண்டும்’ என்று திருத்தினார்.

மூன்றாவது மாதிரி அவரிடமே இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று போன வாரம் கேட்டேன். ஒரு மழைக்காலம் போகட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.